மின்துடிப்பும் தங்கத் துகளும்: வாய்ப் புற்றுக்கு ஒரு புதிய வழி

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையைச் சேர்த்துக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு வேலை செய்வது கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தலைமுறைப் பழக்கம். எந்தப் பக்கம் அடக்குகிறார்களோ, அந்தக் கன்னத்தின் உட்புறத்தில்தான் பெரும்பாலும் வெள்ளைத் திட்டு முதலில் படரும். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

இந்நோய்க்கு இன்றுள்ள சிகிச்சை சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் மருந்தும். நாக்கிலோ தாடையிலோ ஒரு பகுதியை எடுத்தால் உயிர் தப்பலாம். ஆனால் பேசுவதும் சோறு விழுங்குவதும் பெரும்பாடாகிவிடும். வெட்டாமல், சுடாமல் கட்டியை அழிக்கும் வழி நமக்கு முக்கியமாவது இதனால்தான்.

அப்படியொரு வழி மின்துடிப்பு. கட்டியைச் சுற்றி ஊசி போன்ற மின்வாய்களைச் செருகி, 1,000 முதல் 3,000 வோல்ட் வரையான துடிப்புகளைச் செலுத்துவார்கள். ஒவ்வொன்றும் செக்கனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். கலத்தின் மென்சவ்வில் ஓட்டைகள் விழும். மின்புலம் பலமாக இருந்தால் அவை மூடாது, கலம் இறந்துவிடும். ஆனால் அங்குள்ள இரத்தக் குழாய்களின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். டவலோஸ், மிர், ருபின்ஸ்கி ஆகிய மூவர் 2005இல் முன்வைத்த இம்முறை, ஈரல், கணையக் கட்டிகளுக்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. துடிப்பு தசைகளைச் சுண்டி இழுப்பதால் முழு மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள்.

குறை இருப்பது விளிம்பில். மின்வாயிலிருந்து விலக விலக மின்புலம் தளரும். அங்கே விழுந்த ஓட்டைகள் மறுபடி மூடிக்கொள்ள, கலம் பிழைத்துவிடும். கட்டியும் அங்கிருந்து மீண்டும் முளைக்கலாம்.

நனோ துகள்களைத் துணைக்கு அழைப்பது இந்த விளிம்புக்காகவே. தங்கம் போன்ற மின்கடத்தும் துகள் தன்னைச் சுற்றியுள்ள மின்புலத்தைக் கூட்டித் தரும். இல்லையேல் துகளே மருந்தைச் சுமந்து வந்து, ஓட்டை மூடுமுன் அதை உள்ளே சேர்க்கும். இந்த இரண்டாவது வழிக்கு முன்னோடி உண்டு: பிளியோமைசின் மருந்தோடு மின்துடிப்புக் கொடுப்பது ஐரோப்பாவில் தோல் கட்டிகளுக்கு வழக்கமான சிகிச்சை. துகள் சேர்ந்த முறையோ பெரும்பாலும் ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலுமே இன்னும் நிற்கிறது.

துகளைக் கட்டிக்குள் கொண்டு சேர்ப்பதுதான் கடினம். இரத்தத்தில் ஏற்றும் துகள்களில் கட்டியை அடைவது 0.7 சதவீதம் அளவில்தான் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டொரண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழு 2016இல் கணக்கிட்டது. மிச்சத்தில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வாய்க் கட்டிக்கு இந்தத் தடை குறைவு. அது கண்ணுக்குத் தெரியும், ஊசிக்கும் எட்டும். துகளை நேரடியாக அதற்குள்ளேயே ஏற்றலாம். கணையத்துக்கு இந்த வசதி இல்லை.

பேராதனையில் பல் மருத்துவ பீடமும் அதன் வைத்தியசாலையும் இருக்கின்றன. ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீற்றர் தூரமே. வாய்ப் புற்றுக்கான இந்த ஆய்வில் இவ்விரண்டும் கைகோக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். செல்வந்த நாடுகளின் ஆய்வுகூடங்கள் கணையத்தையும் ஈரலையும் முதலில் பார்க்கின்றன. வாய்ப் புற்றுநோயாளர் நம் தோட்டங்களில்தான் இருக்கிறார்கள்.