மஞ்சள் இலை சொல்லும் சேதி

சிவகாசிக் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பொன்னிறப் பொறிகள் பறக்கின்றன அல்லவா? அவை எரியும் இரும்புத் துகள்கள். அதே இரும்பு செடிக்கும் தேவை என்பதை அறிவீர்களா?

பச்சையம் சிவப்பு, நீல ஒளியைப் பெரிதும் உறிஞ்சுகிறது. பச்சை ஒளியை அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. ஆகவே இலை பச்சையாகத் தோன்றுகிறது. பச்சையம் குறைந்தால், இலையில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன.

பச்சையம் குறையக் காரணங்கள் பல. தழைச்சத்து போதாவிட்டால் அடியிலைகள் முழுவதும் வெளுக்கும். அங்குள்ள சத்தைச் செடி குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. பச்சைய மூலக்கூறின் நடுவே இருப்பது மக்னீசியம். அது குறைந்தாலும் அடியிலைகளே முதலில் மஞ்சளாகும்; ஆனால் நரம்புகள் பச்சையாக இருக்கும். பச்சையத்தை உருவாக்க இரும்பு வேண்டும். பழைய இலையிலுள்ள இரும்பைச் செடியால் எளிதில் இடம் மாற்ற இயலாது. எனவே இரும்பு குறைந்தால் குருத்திலைகள்தாம் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகும்.

சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் இரும்பே இல்லையா? இருக்கிறது! ஆனால் சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணில் அது நீரில் கரைவது மிகக் குறைவு, வேருக்கு எட்டுவதில்லை. சோளமும் நிலக்கடலையும் இதனால் எளிதில் பாதிக்கப்படும். இதை அறியாமல் யூரியாவைக் கொட்டினால் பணம்தான் வீண். அன்னபேதி உப்பின் 0.5 சதவீதக் கரைசலை இலைமேல் தெளித்தால் பசுமை திரும்பும். நீர் தேங்கி வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் மஞ்சளானாலோ, வடிகால்தான் மருந்து.

மஞ்சள் இலையைக் கண்டால் உரக்கடைக்கு ஓடுமுன் குனிந்து பாருங்கள்: அடியிலையா, குருத்தா? நரம்பு பச்சையா, மஞ்சளா? விடை அங்கேயே இருக்கிறது!