பின்வரிசையில் நின்ற பெருவீரர்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவனுக்கு மாலை. கோலைத் தடுக்கத் தவறியவனுக்கு வசை. இது உலக வழக்கு. ஆகவேதான் நம் சங்கத்துப் பிள்ளைகளில் ஒருவனைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னால் அவன் முகம் வாடிவிடுகிறது. அப்பிள்ளைகளை எண்ணியே ஹாலந்து நாட்டு ரோனால்ட் கூமனைப் பற்றி இங்கே எழுத முற்பட்டோம்.

கூமன் 1963ஆம் ஆண்டில் ஸான்டாம் நகரில் பிறந்தவர். தந்தை மார்ட்டினும் தமையன் எர்வினும் கால்பந்தாட்டக்காரர்களே. கூமனுக்கு ஓட்டத்தில் வேகம் போதாது. அக்குறையை அவர் இரண்டு திறமைகளால் ஈடு செய்தார். தொலைவில் நிற்கும் தோழனின் காலடியில் பந்தைப் பிசகாமல் சேர்ப்பது ஒன்று. நின்ற பந்தை இடியென உதைப்பது மற்றொன்று. பின்வரிசைக்காரரான இவர் லீக் ஆட்டங்களில் மட்டும் 193 கோல்கள் போட்டார் என்றால் வியப்பன்றோ!

மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டுவது ரயில்வேக்காரர்களான நமக்குப் புதிதன்று. ஆனால் பகைக் குழுவுக்கே போய் அங்கும் நற்பெயர் எடுப்பது எளிதா? ஹாலந்தில் அயாக்ஸ், பி.எஸ்.வி., ஃபேயனூர்ட் ஆகிய மூன்றும் தீராப் போட்டியுடைய குழுக்கள். மூன்றிலும் ஆடிய மிகச் சிலருள் கூமன் ஒருவர்.

1988ஆம் ஆண்டு அவருக்குப் பொன்னான ஆண்டு. பி.எஸ்.வி. குழுவோடு ஐரோப்பியக் கோப்பையையும், தாய்நாட்டுக்காக ஐரோப்பிய நாடுகளின் கோப்பையையும் வென்றார். எனினும் ஒரு களங்கமும் அப்போது நேர்ந்தது. அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை வென்ற களிப்பில், எதிரணி வீரரின் சட்டையைக் கொண்டு அநாகரிகமான சைகை ஒன்றைக் காட்டினார். பின்னாளில் அதற்காக வருந்தினார். வெற்றியிலும் அடக்கம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

1989இல் பார்ஸிலோனா அவரை அழைத்துக்கொண்டது. 1899இல் தோன்றிய அக்குழுவுக்கு ஐரோப்பியக் கோப்பை மட்டும் எட்டாக் கனியாகவே இருந்தது. 1992 மே 20ஆம் தேதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில், இத்தாலியின் சாம்ப்டோரியாவோடு இறுதி ஆட்டம். இரு தரப்பிலும் கோலின்றி ஆட்டம் மிகை நேரத்துக்குச் சென்றது. அப்போது ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. ஸ்டாய்ச்கோவ் பந்தை மெல்லத் தட்டினார், பக்கேரோ அதை நிறுத்தினார், கூமன் உதைத்தார். தடுப்பாக நின்றோரைக் கடந்து பந்து வலைக்குள் பாய்ந்தது. ஒரே கோல், முதல் கோப்பை! அந்நியராக வந்தவர் அந்நகரத்தின் செல்லப்பிள்ளையானார்.

ஆனால் புகழ் நிலையானதா? 2020இல் அதே குழுவுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார் கூமன். தோல்விகள் தொடர்ந்தன. 2021 அக்டோபரில் ரியல் மாட்ரிட்டிடம் தோற்ற அன்று, ரசிகர் சிலர் அவருடைய காரைச் சூழ்ந்துகொண்டு வசைபாடினர். சில நாட்களிலேயே பதவியும் போயிற்று.

மக்களின் ஆதரவு கடலலை போன்றது, ஏறும், இறங்கும். ஆயினும் வெம்பிளியில் விழுந்த அந்தக் கோலை எவராலும் திரும்ப எடுத்துவிட முடியாது. பிழைக்க வந்த ஊரில் நாம் செய்து முடித்த நல்ல வேலையும் அத்தகையதே. ஆகவே, பிள்ளைகளே, பின்வரிசையில் நிற்கச் சொன்னால் முகம் வாடாதீர்கள். நின்ற இடத்தில் நன்றாக நில்லுங்கள்!