திசைமேல் எழுந்த இல்லம்

திருகோணமலையின் சல்லிக் கரையிலிருந்து வள்ளம் கடலுக்குள் செல்லச் செல்ல, கரை தன் அடையாளங்களை ஒவ்வொன்றாக இழக்கும். முத்துமாரியம்மன் கோவில் சிறுத்து ஒரு புள்ளியாகும். பனையும் தென்னையும் கலந்து ஒரு கோடாகும். இறுதியில் தெற்கே கோணேசர் கோவிலைத் தாங்கி நிற்கும் பாறை மட்டும் எஞ்சும். அப்பாறை கண்ணில் இருக்கும்வரை வீடு இருக்கும் திசையும் கையில் இருக்கும். தான் நிற்கும் இடத்தைத் தொலைவிலுள்ள ஒரு குறியால் அறிவது கடலோரத்தாரின் முதற்கல்வி.

இக்கல்வியைப் பெற்ற ஒருவர், திருகோணமலையிலிருந்து இரவுத் தொடர்வண்டி ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்குகிறார் என்று கொள்வோம். சிறிது தூரம் நடந்தால் புறக்கோட்டை. துணிக்கடைகளும் சுமைவண்டிகளும் நெருங்கிய இரண்டாம் குறுக்குத் தெருவில், செம்மையும் வெண்மையும் பட்டைபட்டையாக மாறிவர, மாதுளங்கனி போன்ற குவிமாடங்களோடு ஒரு கட்டடம் எழுந்து நிற்கும். அதுவே ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். ஊரார் வாயில் அது சிவப்புப் பள்ளி. சம்மாங்கோட்டுப் பள்ளி என்பதும் உண்டு. வருவோர் பலரும் நிறத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால் அக்கட்டடத்தின் உயிர் நிறத்தில் இல்லை, திசையில் இருக்கிறது.

படம் பார்த்து எழுந்த பள்ளி

புறக்கோட்டையில் வணிகம் செய்த இந்திய முஸ்லிம்கள் தம் தொழுகைக்காக இதனைக் கட்டுவித்தனர். 1908 இல் தொடங்கிய பணி 1909 இல் நிறைவுற்றது. வடிவமைத்துக் கட்டிய ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறைப்படி கட்டடக்கலை பயின்றவர் அல்லர். தென்னிந்திய வணிகர் கொணர்ந்த, பழைய இந்திய, இஸ்லாமிய வடிவங்களைத் தழுவிய இந்தோ–சரசனிக் கட்டடங்களின் படங்களையும் விவரங்களையும் கொண்டே அவர் இதை அமைத்தார். ஆகவே, பழமையின் சாயலைப் புதிதாக உடுத்து நின்றதே அன்றைய சிவப்புப் பள்ளி. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கோலாலம்பூரில் இரு ஆறுகள் கூடும் முனையில் எழுந்த ஜாமேக் பள்ளிவாசலும் இதே செவ்வெண் பட்டைகளைப் பூண்டிருக்கிறது. அப்பட்டைகளின் மூதாதை எட்டாம் நூற்றாண்டின் கோர்தோபாப் பெரும்பள்ளி. அங்கே வளைவுகளில் செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்டன.

தொடக்கத்தில் 1,500 பேர் தொழக்கூடிய இடமாக இருந்த சிவப்புப் பள்ளி, 1975 இல் அயல் மனைகளும் வாங்கப்பட்டு, 10,000 பேருக்கு இடந்தரும் வகையில் விரிவாக்கம் காணத் தொடங்கியது.

உயர்ந்த கட்டடங்கள் துறைமுகத்தை மறைக்காத காலத்தில், கொழும்பை அணுகிய மாலுமிகள் இப்பள்ளியையே கரைக்குறியாகக் கொண்டனர் என்று சொல்லுவர். அறிவியல் நோக்கில் இது இயலக்கூடியதே. உலகம் உருண்டை; ஆதலால் தொலைவிலுள்ள பொருளின் அடிப்பகுதி முதலில் அடிவானத்தின்கீழ் மறைகிறது. உயரத்தை மீற்றரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆற் பெருக்கினால், அவ்வுயரத்திற்குரிய அடிவானத் தொலைவு கிலோமீற்றரில் கிடைக்கும். 100 மீற்றர் உயர்ந்த பாறைக்கு அது ஏறத்தாழ 36 கிலோமீற்றர். 20 மீற்றர் உயர்ந்த ஒரு கட்டடத்தை, 10 மீற்றர் உயரக் கப்பல்தட்டில் நிற்பவர் 27 கிலோமீற்றர் வரை காணலாம்; இடையே தடையும் மூட்டமும் இல்லாதிருக்க வேண்டும், அவ்வளவே.

நிறமும் இதற்குத் துணைநிற்கிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் செவ்வொளியைவிட நான்கு மடங்குக்கு மேலாகச் சிதறடிக்கின்றன. தொலைமலைகள் நீலம் பூத்துத் தோன்றுவது இதனாலேயே. அந்நீலத்தின் நடுவே செம்மை தனித்து நிற்கும். அருகிலுள்ள வெண்மை அதனை மேலும் எடுத்துக்காட்டும். கலங்கரை விளக்கங்கள் பலவற்றுக்குச் செவ்வெண் பட்டைகள் தீட்டப்படுவதும் இந்தக் கணக்கில்தான்.

குறியாக நின்றதன் குறி

பிறருக்குக் குறியாக நின்ற பள்ளி, தானும் ஒரு குறியை நோக்கியே நிற்கிறது. அக்குறி கண்ணுக்கு எட்டாதது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 4,600 கிலோமீற்றருக்கு அப்பால் மக்காவில் உள்ள கஃபா. அத்திசையே கிப்லா. உள்ளே சுவரில் குழிந்திருக்கும் மிஹ்ராப் அதனைச் சுட்டும் மாடம். முன்னின்று தொழுகை நடத்தும் இமாம் மக்களுக்கு முதுகுகாட்டி அம்மாடத்தை நோக்கியே ஓதுகிறார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், குழிந்த கடினச் சுவர் அவர் குரலைத் திருப்பிப் பின்வரிசைகளுக்கு அனுப்பியது. திசைகாட்டும் மாடமே ஒலிகாட்டும் மாடமாகவும் ஆனது.

கிப்லாவை எங்ஙனம் அறிவது? தட்டையான கடல்வரைபடத்தில் கொழும்பையும் மக்காவையும் கோடிட்டு இணைத்தால், மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 பாகை சாய்ந்த திசை கிடைக்கும். உருண்டையின் மேல் குறுவழி அதுவன்று. இரு ஊர்களையும் இணைக்கும் பெருவட்டத்தின் வழியே நோக்கினால் சாய்வு 25 பாகையை எட்டுகிறது. இத்திசையைச் சரியாகக் கணிக்கவும் இடைக்கால இஸ்லாமிய அறிஞர்கள் கோளத் திரிகோணகணிதத்தை வளர்த்தனர். அல்பிரூனி 1025 இல் முடித்த ஒரு நூல், கஸ்னி நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காண்பதையே முதன்மை நோக்காகக் கொண்டது. இன்னும் ஒரு நுட்பம்: திருகோணமலையில் அச்சாய்வு 23 பாகையே. இலங்கையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வதற்குள் கிப்லா இரு பாகை திரும்பிவிடுகிறது.

நகரத் தெருக்கள் கிப்லாவைக் கேட்டு அமைவதில்லை. தெருவா, திசையா என்ற வழக்கில் கட்டடக்கலைஞர்கள் அரிய தீர்வுகளைக் கண்டனர். கெய்ரோவில் 1125 இல் எழுந்த அல்அக்மர் பள்ளியின் முகப்பு தெருவோடு ஒட்டி நிற்கும். உட்கூடமோ கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆப்பு வடிவ வெளியைச் சுவரின் கனமே நிரப்பிவிடுகிறது. ஈரானின் இஸ்பகான் பெருஞ்சதுக்கத்தில், வாயிலைக் கடந்ததும் பள்ளிவாசல் முழுவதும் திசைமாறி நிற்பதைக் காணலாம். எந்த நகரப் பள்ளிக்குச் சென்றாலும், வாயிலில் நின்று தெருவின் கோட்டையும் உள்ளே தொழுகை வரிசையின் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவற்றிடையே உள்ள கோணமே அக்கட்டடத்தின் கதை.

மணிக்கூடும் நிழலும்

சிவப்புப் பள்ளியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும் உண்டு. எனினும் தொழுகையின் காலத்தை வகுப்பது ஞாயிறு. உச்சி சாய்ந்ததும் லுஹர். உச்சிவேளை நிழலுக்குமேல் பொருளின் உயரமளவு நிழல் வளர்ந்ததும் அஸர். ஞாயிறு மறைந்ததும் மஃரிப். இலங்கை நேரம் 82.5 பாகை நெட்டாங்கைத் தழுவியது. கொழும்போ 80 பாகையை ஒட்டியுள்ளது. ஆதலால் கடிகாரம் பன்னிரண்டு காட்டிய பின்னரும் ஞாயிறு கொழும்பின் உச்சியை எய்தச் சராசரி பத்து நிமிடத்துக்கு மேலாகும். திருகோணமலையில் உச்சிவேளை ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் முந்திவிடும். ஊருக்கு ஊர் தொழுகை நேரம் வேறுபடுவது இதனாலேயே.

காண வருவோர் தொழுகை வேளைகளை, சிறப்பாக வெள்ளி நண்பகலை, விலக்கி வருதல் நன்று. தோளும் முழங்காலும் மறைய உடுத்தல், பெண்கள் தலைமறைத்தல், காலணி களைதல் ஆகியவை எவரும் அறிந்தவை. ஒன்றை மட்டும் பலர் மறப்பர்: தொழுபவரின் முன்னால் குறுக்கே நடத்தலாகாது. அவர் நிற்பது ஒரு கோட்டின் முனையில். அக்கோட்டை நாம் வெட்டலாகாது.

ஊர் திரும்பியபின் சல்லி மணலிலேயே செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஏப்ரல் 5 முதல் 15 வரை ஞாயிறு இலங்கைக்கு நேர் மேலே வருவதை ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிறோம். வடக்கே நகரும் அதே ஞாயிறு மே 28 அளவிலும், தெற்கே திரும்புகையில் ஜூலை 16 அளவிலும் மக்காவின் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது கஃபாவுக்கு நிழல் இல்லை. உலகில் ஞாயிற்றைக் காண்போர் யாவரும் மக்காவின் திசையையே காண்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நசீருத்தீன் தூசி இம்முறையை எழுதிவைத்தார். இலங்கை நேரப்படி அத்தருணம் மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57.

அவ்வேளையில் சல்லிக் கரையில் ஒரு துடுப்பைச் செங்குத்தாக ஊன்றுங்கள். ஞாயிறு மேற்கே, சற்று வடக்கே சாய்ந்து, பாதி வானத்தில் நிற்கும். நிழல் கடலை நோக்கி விழும். நிழலின் நுனியிலிருந்து துடுப்பின் அடிக்கு மணலில் ஒரு கோடு இழுத்தால், அது தென்னந்தோப்பையும் காட்டையும் கடலையும் கடந்து, சிவப்புப் பள்ளியின் மாடம் நோக்கும் அதே இடத்திற்குச் செல்லும். கோணேசர் பாறையைக் கண்டு கரை சேர்ந்த கண்ணுக்கு அக்கோடு புதிதாகத் தோன்றாது.