கார் வாங்க முன் கறளைப் பாருங்கள்

கொடிகாமம் சந்தியில் தட்டிவானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாகனத்தின் வயது பெரிய விடயமல்ல. மரத்தால் கட்டிய உடல், பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டி, அதன்மேல் தேங்காய், பலாப்பழம், வாழைக்குலை. வரணி தாண்டிப் பருத்தித்துறைக்கு அது எத்தனையோ வருடம் ஓடியது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் அதே சாதிதான். 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் போக, சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அந்தக் கால எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. மட்டமான எரிபொருளையும் இருமிக்கொண்டாவது எரித்துவிடும். இன்றைய காருக்கு அதைச் செய்தால் ஊசியும் பம்பும் போய்விடும்.

இதனால் பழசுதான் திறம் என்று சொல்ல வரவில்லை. ஏ40 ஓடியதற்கு அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் ஊரிலேயே இருந்ததுதான் காரணம். புதுசோ பழசோ, நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் கராஜ்காரருக்கு இந்தக் காரைத் திறக்கத் தெரியுமா?

நாங்கள் "புதுக்கார்" என்று சொல்வது பலவேளை புதுசே அல்ல. இலங்கையில் கார் மூன்று வகை. கம்பனி முகவரிடம் பெட்டி பிரித்தமாதிரி வாங்குவது ஒன்று. யப்பானில் ஒருவர் ஓடி, ஏலத்தில் விற்று, இங்கே முதல்முறை பதிவாகும் "ரீகண்டிஷன்" இரண்டாவது. மூன்றாவது, இங்கேயே பதிந்து பாவித்தது. இரண்டாவது வகைக்கு யப்பான் ஏலத்தாளைக் கேளுங்கள். அதில் ஆர் என்ற தரம் இருந்தால் அடிபட்டுத் திருத்தியது என்று பொருள். தாள் தொலைந்துவிட்டது என்றால் காரையும் அங்கேயே தொலைத்துவிட்டு வாருங்கள்.

"புதுக்கார் ஷோறூம் வாசலைத் தாண்டினாலே விலை விழும்" என்ற கதையும் இங்கே அப்படியே எடுபடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பாவித்த கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைப்பட்டன. வழி திறந்த பிறகும் வரி மலைபோல இருக்கிறது. சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வர ஒரு கார் வேண்டும் என்பவருக்கு என் சிபாரிசு, பாவித்த சின்னப் பெற்றோல் கார். சுசுகி அல்டோ போன்றது. பார்க்க எடுப்பாக இராது; ஆனால் சாமான் எங்கும் கிடைக்கும். ஹைபிரிட் என்றால் பற்றரியைச் சோதிக்காமல் தொடவேண்டாம். டொயோட்டா அக்வாவில் அது பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் விசிறியில் தூசு அடைத்தால் பற்றரி சூட்டில் சாகும்.

இனிக் கறள். கொடிகாமத்தில் எங்களுக்குத் தெற்கே கச்சாய்க் கடல், வடக்கே உப்பங்கழி. உப்புக் காற்றுக்கு வருட மொடல் தெரியாது. நான் வாங்கிய முதல் கார் கண்ணாடிபோல மினுங்கியது. மாரி தொடங்கி இரண்டாம் கிழமை, கால் வைக்கும் இடத்தில் ஈரம். காப்பெற்றைத் தூக்கினால் தகரம் கருவாடுபோல உதிர்ந்தது. அதன்மேல் பசை பூசி, கறுப்புப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார்கள். டிங்கர் வேலைக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து நான் பொனற்றை முதலில் திறப்பதில்லை. காப்பெற்றைத் தூக்குவேன், சக்கரக் கூட்டுக்குள் விரலை விடுவேன், கதவுக்குக் கீழ் விளிம்பைத் தட்டிப் பார்ப்பேன். 'டங்' என்றால் தகரம். 'தொப்' என்றால் பசை.

மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்பவேண்டாம். பிறேக் மிதியின் றப்பரைப் பாருங்கள். நாற்பதாயிரம் ஓடிய காரில் அது வழுக்கையாக இராது. ரயரின் வயதையும் பாருங்கள். ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 3221 என்றால் 2021-இன் 32-ஆம் கிழமை செய்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகிறது. நீங்கள் போகமுன்பே ஒருவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், அது மரியாதைக்காக அல்ல.

கடைசியாகப் பேப்பர். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் வரும்வரை அந்தக் கார் விற்பவருடையது அல்ல. பதிவிலுள்ளவர் கனடாவில் இருக்க, கையெழுத்துப் போட்ட திறந்த பேப்பரோடு தரகர் வந்தால், விலை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். விற்பவருக்கும் இதே புத்திதான்: பெயர் மாற்றாமல் கொடுத்த கார் எங்காவது இடித்தால் பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவுக்காரரை நேரில் கண்டு, அடையாள அட்டையைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு ரூபாகூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.