உகரத்தில் தெரியும் கை

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் மட்டும் பேனாவால் எழுதியதுபோல இருக்க வேண்டும், தமிழில் அதற்கு என்ன ஃபாண்ட் போடலாம் என்று கேட்டிருக்கிறார் ராசிபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் வாசகர். எனக்கு உடனே நினைவுக்கு வருவது ‘கவிவாணர்’. இலங்கைக்காரரான தாரிக் அஸீஸ் வரைந்த சாய்வெழுத்து. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆங்கிலக் கையெழுத்து ஃபாண்டில் ஓர் எழுத்தின் வால் அடுத்ததைப் போய்த் தொடும். தமிழை நாம் அப்படிக் கோத்து எழுதுவதில்லை. சாய்வு, சுழியின் நெகிழ்வு, கோட்டின் முடிவில் பேனா எடுபடும் விதம் ஆகியவற்றில்தான் கை தெரிய வேண்டும்.

எந்தப் புது ஃபாண்ட் வந்தாலும் நான் முதலில் அடித்துப் பார்ப்பது உகர வரிசையைத்தான். ஆகாரத்துக்கு ஒரே கால், எங்கும் ஒட்டும். உகரம் அப்படி அடங்காது. ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் கோடு கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைந்து சுற்றிக்கொள்ளும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் அடியால் ஓடி வலப்பக்கம் மேலேறும். ஊகாரத்தில் எல்லாம் இன்னொரு தரம் மாறும். 36 வடிவங்களையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். யுனிகோடில் ‘கு’வுக்குத் தனி எண் கிடையாது, ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்தப் படத்தை எடுத்து வை என்று ஃபாண்டுக்குள் விதி எழுதி வைப்பார்கள். தமிழை எழுதிப் பழகாத கை இங்கேதான் அகப்படும்: ‘மு’வின் சுழி காம்பஸ் வைத்துப் போட்ட வட்டமாக விறைத்து நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு வரைந்ததை நாம் படுத்தும் பாடுதான் தாங்கவில்லை. கவிவாணருக்கு ஒரே தடிமன். அதைக் கணினியில் ‘போல்டு’ ஆக்கினால் விளிம்பு உப்பி, ணு, ழு போன்றவற்றின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். மெல்லிய எழுத்து அம்மா போடும் கம்பிக்கோலம் மாதிரி. சுற்றிலும் வெறும் தரை இருந்தால்தான் இழை தெரியும். அதைச் சுற்றி மயிலும் ரோஜாவும் ஏன் நெருக்குகிறோம்? சேலம் ஐந்து ரோட்டில் வண்டியில் போகிறவர் படிக்க வேண்டிய ஃப்ளெக்ஸுக்கு இந்த எழுத்து ஆகாது. பத்திரிகையிலும் பெயரோடு நிறுத்துங்கள். முகூர்த்த நேரமும் மண்டப முகவரியும் நேரான எழுத்தில் இருக்கட்டும். வயதானவர்கள் தேடிப் படிப்பது அவற்றைத்தான்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கேபின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்று தூரிகையால் ஒரே இழுப்பில் எழுதும் பெயிண்டர்களின் வேலையை ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் பறித்துக்கொண்டு வருகிறது. அந்தக் கையும் ஃபாண்டாக வேண்டும். ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் இலவசம்தான். ராசிபுரத்து நண்பரே, அப்படி ஒரு பெயிண்டரிடம் உரிய கூலி கொடுத்து, ஃபாண்டில் அவர் பெயரும் இருக்கும் என்று சொல்லி, முதலில் இந்த 36 எழுத்துகளையும் வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள். மற்றவற்றை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.