வணிகக் கல்வியின் வாசலில் நம் மலையகப் பிள்ளைகள்

தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தைத் துரையும் கிளாக்கரையாவும் மட்டுமே புரட்டிய காலம் ஒன்றிருந்தது. கொழுந்தைக் கிள்ளியவர் ஒருவர். அதன் நிறையை எழுதியவர் வேறொருவர். இன்றோ கொழுந்து கிள்ளியவரின் மகனும் மகளும் கணக்கீடும் பொருளியலும் வணிகக் கல்வியும் பயின்று, முகாமைத்துவப் பட்டம் பெற விழைகின்றனர். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலுள்ள புசல்லாவையிலும் இவ்விழைவுடைய மாணவர் உளர். அவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டு முதல் தோன்றிய முகாமைத்துவ நிறுவனங்களிற் சேரத் தனியான நுழைவுப் பரீட்சை உண்டு. நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டம் பயில விரும்புவோருக்குப் பெரும்பாலும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையே வாசலாக அமைகின்றது. அவ்வாசலைத் திறக்கும் திறவுகோல் இசட் புள்ளி.

இசட் புள்ளி என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பாடத்தின் சராசரி 50, புள்ளிகளின் நியம விலகல் 10 என வைத்துக்கொள்வோம். அதில் 65 பெற்றவருக்கு இசட் புள்ளி 1.5 ஆகும். வேறொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 10 எனின், அதே 65க்குக் கிடைப்பது 0.5 மாத்திரமே. ஆகவே எத்தனை புள்ளி பெற்றோம் என்பதைவிட, ஏனையோரினும் எவ்வளவு முன்னே நிற்கின்றோம் என்பதே முக்கியம். மூன்று பாடங்களின் சராசரியே கணிக்கப்படுவதால், ஒரு பாடத்தைக் கைவிட்டு மற்றிரண்டை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

இன்னொரு செய்தியையும் நாம் மறத்தலாகாது. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. நுவரெலியாவும் பதுளையும் அக் குறைந்த வசதி மாவட்டங்களுள் அடங்கும், கண்டி அடங்காது. கண்டி மாவட்டத்துப் பாடசாலையிற் படிக்கும் புசல்லாவை மாணவன், கண்டி மாநகரின் பெரும் கல்லூரிகளின் மாணவர்களோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டியவனாகின்றான். ஒரே தேயிலை மலையின் இருபுறத்திலும் வாழும் இரு பிள்ளைகளுக்கு இருவேறு அளவுகோல்கள்! இது விவாதிக்கத்தக்க விடயமே. எனினும் பரீட்சை நாள் விவாதம் முடியும்வரை காத்திராது.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? கணக்கீட்டை வாசித்துக் கற்க இயலாது. நாள்தோறும் ஒரு கணக்கையேனும் எழுதிப் பழகுதல் வேண்டும். பொருளியலை மனனம் செய்யாது, கண்முன் உள்ளவற்றோடு பொருத்திப் பார்த்தல் நன்று. மழை பெய்து கொழுந்து பெருகுங்கால், 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலை ஏன் தளரக்கூடும்? கேள்வியும் நிரம்பலும் அங்கே விளங்கிவிடும். தொழிற்சாலைக் கட்டடம் நிலையான கிரயம். அங்கு எரியும் விறகு மாறும் கிரயம். இத்தகைய பாடநூல் நம் வீட்டு வாசலிலேயே விரிந்து கிடக்கின்றது.

கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதுதல் வேண்டும். எழுதியபின் பிழைகளைத் தனிக் கொப்பியிற் குறித்து, வாரந்தோறும் மீட்டிப் பார்த்தல் வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையின் புள்ளி இசட் புள்ளியிற் சேராதெனினும், அதனை அலட்சியம் செய்தோருக்கும் கதவு திறவாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. லயன் அறையிற் பிள்ளைக்குத் தனி அறை தர இயலாதிருக்கலாம். மாலையில் இரண்டு மணிநேர அமைதியைத் தர இயலும். வானொலியையும் தொலைக்காட்சியையும் அந்நேரத்துக்கு நிறுத்தி வைத்தல் பெரிய உதவியாகும். தண்ணீர் எடுக்கவும் தம்பி தங்கையரைப் பார்க்கவும் பெண்பிள்ளையை மட்டுமே எழுப்பும் வழக்கமும் மாறுதல் வேண்டும். அவளுக்கும் அதே பரீட்சைதானே!

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை தோற்றலாம். அதன்பின்னரும் வழிகள் அடைபடுவதில்லை. 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவனமும், 1980இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகமும் வேறு வாசல்களாக விளங்குகின்றன. வாசல் எதுவாயினும், அதனைத் தட்டும் கைக்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை இன்றே தொடங்குவீர்களாக!