ஊசியா, பலூனா?

மாரடைப்பு என்று ஈசிஜி காட்டிவிட்டால் மருத்துவர் கேட்பது, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" இதய ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை நீக்க எந்த வழி என்பதை முடிவுசெய்வதில் அந்த நேரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

கட்டியைக் கரைக்கும் ஊசிகளில் பழையது ஸ்ட்ரெப்டோகைனேஸ். 17,187 நோயாளிகளிடம் நடத்தி 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், இதையும் ஆஸ்பிரினையும் சேர்த்துப் பெற்றவர்களிடையே இறப்பு, இரண்டும் பெறாதவர்களைவிட 42 சதவீதம் குறைந்தது. சுமார் ஒரு மணி நேரம் டிரிப்ஸில் ஏற்ற வேண்டும்; உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதால் ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடமாட்டார்கள். புதிய மருந்தான டெனெக்டிப்ளேஸை எடைக்கேற்ற அளவில், ஒரே ஊசியாகச் சில நொடிகளில் போட்டுவிடலாம். விலைதான் அதிகம். எந்த ஊசியானாலும் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அண்மையில் பக்கவாதம் வந்தவர்களுக்குப் போடுவதில்லை.

மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் 'லான்செட்' வெளியிட்ட கணக்குப்படி, குறுகிய கால இறப்பு ஊசியில் 9 சதவீதம், இதில் 7 சதவீதம். ஆனால் இதற்கு கேத் லேப் என்ற தனி சிகிச்சைக்கூடம் வேண்டும், நடுராத்திரியிலும் மருத்துவர் வேண்டும். மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியாதென்றால், தடையில்லாதவருக்கு உடனே ஊசி போட வேண்டும் என்பதே வழிகாட்டு நெறி.

சின்ன ஊர் மருத்துவமனையில் ஊசி போட்டால் ஒப்புக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று சண்டைக்குப் போகும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்காக, ஊசியோடு வேலை முடிந்துவிடாது. 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வில் ஊசி போட்டவர்களில் 36 சதவீதத்தினருக்கு, ரத்தக்குழாயைப் படம்பிடித்துப் பார்க்கும் ஆஞ்சியோ அவசரமாகத் தேவைப்பட்டது. மற்றவர்களுக்கும் 24 மணி நேரத்துக்குள் செய்துவிடுவது நல்லது.

சிறிய இடத்தில் ஊசி, பிறகு பெரிய இடத்தில் ஆஞ்சியோ என்ற இந்த முறையைத் தமிழ்நாட்டில் செய்தே பார்த்தார்கள். சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து 2012 முதல் 2014 வரை 2,420 பேரிடம் நடத்திய ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது.

நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். உங்களுக்கு அருகில் எங்கே 24 மணி நேர கேத் லேப் இருக்கிறது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.